அடைப்புக்குறிக்குள் உங்கள் மனைவி

அன்புள்ள ஏன்னா,

இப்படி ஆரம்பிப்பதற்கு மன்னிக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் உங்களை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது போய்ப் புதிதாக ஒரு விளியைத் தேடினால் நீங்கள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, 'ஏன்னா' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்து பெரியதா, சின்னதா என்று யோசித்தீர்கள். பெயருக்குப் பதிலாக நிற்கிற உறவுச் சொல் பெயரேதான், ஆகவே பெரிய எழுத்து என்று ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே விதிப்படி நீங்கள் என்னை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை. 'இந்தா' என்பதற்கு எந்த விதியும் இருக்காது என்று நினைக்கிறேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இருந்தவரை உங்கள் பெயரை நான் வாயால் சொன்னது விரல் விட்டு எண்ணும் அளவுதான். இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன். வங்கியில் சொல்கிறேன், கேஸ் இணைப்பு மாற்றும் இடத்தில் சொல்கிறேன், மின்வாரிய அலுவலகத்தில் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்திச் சொல்கிறேன். 'பஞ்சாபகேசன்' என்றால் யாருக்கும் முதல் தடவையில் புரிவதில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். முதல் எழுத்து பெரியது என்றும் சேர்த்துச் சொல்கிறேன். அதற்கு அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையை நீங்கள் ரசித்திருப்பீர்கள்.

போன மாதம் அடையாறில் கண் டாக்டரைப் பார்க்கப் போனேன். நர்ஸ் வந்து "பஞ்சாபகேசன்!" என்று கூப்பிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு கிழவரைத் தேடினார்கள். நான் எழுந்து நின்றேன். பாஸ்போர்ட் எடுத்த அன்று குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததே, நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பெயரை அதில் எழுதி முடித்துவிட்டீர்களே, அதன் பலன். இப்போது பூமியில் பஞ்சாபகேசன் என்று கூப்பிட்டால் எழுந்து நிற்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதுவும் கண்புரைக்காக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நந்தினிக்கு தை மாதம் கல்யாணம்.

பையன் பெயர் கார்த்திக். வடபழனியில் வீடு. நல்ல வேலை, நல்ல சிரிப்பு, என்னிடம் காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தான். ஒரே ஒரு குறை. மின்னஞ்சலில் தன் பெயரையே சின்ன எழுத்தில் ஆரம்பித்து எழுதுகிறான். அதை நீங்கள் தாங்கியிருக்க மாட்டீர்கள். நான் தாங்கிக்கொண்டேன். இப்போது நான் தாங்கிக்கொள்கிற பட்டியலில் அது மிகவும் கீழே இருக்கிறது.

நிச்சயதார்த்தம் நம் வீட்டிலேயே நடந்தது. உங்கள் தம்பி மூர்த்தி கே.கே. நகரிலிருந்து விடிகாலையே மனைவி லலிதாவோடு வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டான். "மன்னி, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். உட்காருங்கோ" என்றான். லலிதா வந்து, உட்காருங்கோ என்றாள். சமையல்காரர்கூட, மாமி உட்காருங்கோ, நான் பாத்துக்கறேன் என்றார். படுக்கையறையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.

கூடத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். வாத்தியார் லக்னப் பத்திரிகை வாசித்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை, யாரும் கதவைச் சாத்தவும் இல்லை. ஒவ்வொருவராக வந்து என்னைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் போல இருந்தது. ஒருவர் ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வந்திருந்தார்.

யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கொடுமைக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் கத்தலாம். நல்லவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அவர்கள் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு நந்தினி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, இது எனக்குப் பிடிக்கலை. உனக்கு என்ன வேணும்னு சொல்லு. நான் சண்டை போடறேன்" என்றாள். நான் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். "நீ ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா நான் எதுக்குன்னு சண்டை போடறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். பிடிவாதம் உங்களுடையது. நியாயமும் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் பிறகு வந்ததுதான் கல்யாணப் பத்திரிகை.

தமிழ்ப் பத்திரிகை வாத்தியார் எழுதிக் கொடுத்தபடி மூர்த்தி பெயரில் அடிப்பது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தம்பதியாக இருப்பவர்கள்தான் அழைக்க வேண்டும், தம்பதியாக இருப்பவர்கள்தான் தாரை வார்க்க வேண்டும் என்பது முறை. யார் வகுத்த முறை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். உங்கள் ஆபீஸ்காரர்களுக்கும் நந்தினியின் ஆபீஸ்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் ஒன்று. அதற்கு தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடை.

மூர்த்தி அச்சு மாதிரியை எடுத்துக்கொண்டு வந்தான். "மன்னி, அண்ணா இல்லை. நீங்கதான் பாக்கணும். கேபிடல் லெட்டர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து, கீழ கையெழுத்துப் போட்டு, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கடையில குடுத்துடணும். கையெழுத்துப் போட்டு வர்றதைத்தான் அடிப்பாளாம், அப்புறம் ஒரு புள்ளிகூட மாத்த மாட்டாளாம்" என்றான்.

சொல்லிவிட்டு உங்கள் சிவப்புப் பேனாவை அலமாரியிலிருந்து அவனே எடுத்துக் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்தப் பேனாவை ஒரு பூஜைச் சாமான் போல என் கையில் வைத்தான்.

அந்தப் பேனாவைக் கண்டு இந்த ஊரில் எத்தனை பேர் நடுங்கியிருக்கிறார்கள்! நம் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் மஞ்சள் தடவிய உறையை நீட்டும்போதே மன்னிப்பும் கேட்டுவிடுவார்கள். நீங்கள் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அதில் பதினைந்து பெரிய எழுத்துகளைச் சின்னதாக்கிவிடுவீர்கள். முகூர்த்தம் பெயர் அல்ல, சின்ன எழுத்து. வரவேற்பு பெயர் அல்ல, சின்ன எழுத்து. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் என்பது பெயருக்குப் பின்னால் வந்தால் சின்ன எழுத்து, ஆள் எவ்வளவு உயரமானாலும். நீங்கள் திருத்துகிற வேலை பார்த்த ஆங்கிலப் பத்திரிகை ஆபீசுக்கு ஓர் அமைச்சரின் உதவியாளர் போன் பண்ணி, எங்கள் அமைச்சரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டீர்களே என்று கேட்டதற்கு, அமைச்சர் பெரியவர்தான், எழுத்துதான் சின்னது என்று சொல்லி வைத்தீர்களே. அன்று ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டீர்கள்.

'லேட்' விஷயத்தில்தான் நீங்கள் மிகவும் கண்டிப்பு. காலமானவர் பெயருக்கு முன்னால் அதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். டாக்டர் ஒரு பட்டம், கர்னல் ஒரு பதவி. செத்துப்போவது பதவி அல்ல, யாருக்கும் அது பதவி உயர்வும் அல்ல என்பீர்கள். ஏன்னா, இந்த மாதிரியில் உங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியில், அழைக்கிறவர்கள்: ஸ்ரீமதி லலிதா, ஸ்ரீ மூர்த்தி. பக்கம் பக்கமாக இரண்டு பெயர், நடுவில் ஓர் 'அண்ட்'. அடுத்து, தங்கள் அண்ணன் மகள் சௌபாக்கியவதி நந்தினியின் திருமணத்துக்கு வருமாறு வேண்டுகோள். வேண்டுகோளில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியது, ஏதோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து கூப்பிடுவது போல. சௌபாக்கியவதியை ஆங்கிலத்தில் எஸ், ஓ, டபிள்யூ என்று மூன்றே எழுத்தாகச் சுருக்கியிருந்தார்கள். நம் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருந்தது. அந்த மூன்று எழுத்துக்கு ஆங்கிலத்தில் பெண்பன்றி என்று அர்த்தம் என்பதை நாலாம் நாள் வரை பொறுத்திருந்து எனக்குச் சொன்னீர்கள்.

நந்தினியின் பெயருக்குக் கீழே ஓர் அடைப்புக்குறி. மற்ற வரிகளைவிட இரண்டு அளவு சின்ன எழுத்து. அதற்குள் முதலில் நீங்கள், உங்கள் புதிய பதவியோடு. உங்களுக்குப் பின்னால் நான். இன்னாரின் மகள் என்று.

நான் ஒன்றும் அதிர்ச்சியடைந்துவிடவில்லை. அந்த அறையை எனக்கு ஏற்கெனவே தெரியும். மின்விசிறி மட்டும்தான் இல்லை. நீங்கள் செத்துப்போனதால் உள்ளே இருக்கிறீர்கள், நான் சாகாததால் உள்ளே இருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே அறை ஒதுக்கியதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது.

பேனாவின் மூடியைத் திறந்து, நீங்கள் செய்வதைப் போலவே மேலிருந்து ஆரம்பித்தேன். வேண்டுகோளைச் சின்னதாக்கினேன். முகூர்த்தத்தைச் சின்னதாக்கினேன். சம்பந்தி வீட்டார் தங்கள் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த பதவிகளைச் சின்னதாக்கினேன்; அதற்கு என்ன வரப்போகிறதோ. உங்கள் 'லேட்'டைச் சின்னதாக்கினேன். அரை மணி நேரத்தில் தாள் முழுக்க அம்மை போட்டாற்போல் ஆகிவிட்டது. எல்லா விதிகளும் சரியாக இருந்தன. நான் அடைப்புக்குறிக்குள்ளேயே இருந்தேன், சரியான எழுத்துகளில்.

கையெழுத்துப் போடப் போனவள் நின்றேன். நின்றதற்குக் காரணம் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜி அக்கா ஞாபகம் வந்தது.

உங்கள் அக்கா பையன் கல்யாணம். அத்திம்பேர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. இதே மாதிரி ஓர் அச்சுத்தாள், இதே மேஜை, இதே பேனா. அக்காவே கொண்டு வந்து கொடுத்தார். நீங்கள் அதில் இருபத்திரண்டு திருத்தம் போட்டீர்கள். எண்ணிச் சொன்னதால் நினைவிருக்கிறது. அந்தத் தாளில் அக்கா அடைப்புக்குறிக்குள் இருந்தார். அவர் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினீர்கள். அடைப்புக்குறி ஒன்று சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தச் சொல்லிக் குறி போட்டீர்கள். அக்கா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டு வந்து வைத்தேன். எவ்வளவு அழகாகத் திருத்துகிறார் பாருங்கள் அக்கா என்றுகூடச் சொன்னேன்.

அன்று நாம் இரண்டு பேரும் எதைப் படித்துக்கொண்டிருந்தோம்?

அக்காவுக்குப் போன் பண்ணினேன். அடையாறில் தனியாகத்தான் இருக்கிறார், முட்டி வலி, மற்றபடி சௌக்கியம். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அன்றைக்கு உங்களுக்கு வருத்தமாக இருந்ததா என்று. டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"உன் பேரை மேலே போடட்டுமான்னு அன்னிக்கு யாராவது கேட்டிருந்தா, எனக்கு எதுக்குடா அதெல்லாம், வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் விஜயா. அதுல சந்தேகமே இல்லை. ஆனா யாரும் கேக்கலை."

அப்புறம், "பஞ்சு கேப்பான்னு நினைச்சேன். அதுக்குத்தான் அவன்கிட்டக் கொண்டு வந்தேன்" என்றார்.

இதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செத்துப்போனவர்களிடம் நல்ல செய்தி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நம்மில் ஒரு பழக்கம் இருக்கிறது. நீங்கள் பத்திரிகை ஆபீசில் இருந்தவர். முழுச் செய்தியையும் கேட்கத்தான் விரும்புவீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நான் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது மூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நந்தினி கல்யாணத்தை நீ பாத்துக்கோ என்று அவனிடம் சொன்னீர்களாம். அவன் அந்த வாக்கைத்தான் இத்தனை நாளும் தலையில் சுமந்து அலைகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என்னிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, நான் பார்த்துக்கொள்வேன் என்று தெரியும் என்பதாலா? அல்லது என்னை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதியது நீங்கள்தானா? முதல் பதிலையே நம்புவது என்று வைத்திருக்கிறேன். ஆனாலும் தினமும் காலையில் அதைப் புதிதாக ஒரு தடவை நம்ப வேண்டியிருக்கிறது.

போனை வைத்துவிட்டு மேஜைக்கு வந்தேன். அடைப்புக்குறியை அடித்தேன், இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. என் பெயரைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து ஓர் அம்புக்குறியை மேலே முதல் வரிக்கு இழுத்தேன். லலிதாவையும் மூர்த்தியையும் எடுக்கவில்லை. அவர்களுக்கு இரண்டாம் வரியில் இடம் போட்டேன். உங்களை நந்தினிக்குப் பக்கத்தில், பஞ்சாபகேசனின் மகள் என்று, ஒரு பட்டமும் இல்லாமல் விட்டேன். 'தங்கள் அண்ணன் மகள்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'என் மகள்' என்று எழுதினேன். மகளுக்கு முன்னால் 'என்' வந்தால் மகள் சின்ன எழுத்து, உங்கள் விதி. ஆங்கிலத்தில் அந்த 'என்' இரண்டே எழுத்து. இவ்வளவு சின்னச் சொல்லை இவ்வளவு மெதுவாக நான் எழுதியதே இல்லை.

அப்புறம் கையெழுத்துப் போட்டேன். நந்தினி ஆபீஸிலிருந்து வருவதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவள் எனக்காகச் சண்டை போட்டிருப்பாள். சண்டை வந்தால் நான் சமாதானம் பண்ணத் தொடங்கிவிடுவேன்.

கடையில் கம்ப்யூட்டரில் பத்திரிகை அமைக்கிறவர் பெயர் பாஸ்கர். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"இன்னா மேடம், ஊரு மேப்பு மாதிரி அம்பு வுட்டுக்கினே போயிருக்கீங்க."

ஒவ்வொன்றாக விளக்கினேன். சின்ன எழுத்துகளை எல்லாம் முணுமுணுக்காமல் மாற்றினார். முதல் வரிக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். அந்த வடிவத்தில் முதல் வரியில் இரண்டு பெயர் வந்தாக வேண்டுமாம். இடது பக்கம் அம்மா, நடுவில் 'அண்ட்', வலது பக்கம் ஐயா. எத்தனையோ வருடமாக அப்படித்தானாம். ஒருத்தர் பெயர் மட்டும் வந்த பத்திரிகையைத் தான் போட்டதே இல்லையாம். முன்பு வந்து பேசிய சாரைக் கேட்டுக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அவர் போன் எண்ணைத் தேடவும் ஆரம்பித்தார்.

மூர்த்தி எடுத்து, மன்னியிடம் கொடுங்கோ என்று சொல்லி, மன்னி உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம், நீங்க உட்காருங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். கடையில் எனக்குப் பின்னால் ஒரு நாற்காலிகூட இருந்தது, மேலே மின்விசிறியும்.

"கையெழுத்து யார் போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "நீங்கதான் போட்டிருக்கீங்க."

"கையெழுத்துப் போட்டு வர்றதைத்தானே அடிப்பேள்?"

அவர் போனைக் கீழே வைத்தார். என் பெயரை இடது பக்கம் அடித்தார். 'அண்ட்'டை எடுக்கச் சொன்னேன், எடுத்தார். வலது பக்கம் வெறுமையாக நின்றது. நாற்காலியில் சாய்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பக்கத்துல காலியா கீதே மேடம். பேரை நடு சென்டருக்கு இஸ்துடவா? காலியா கீறதே தெரியாது."

அவர் சொன்னது சரி. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், என் பெயர் நடுவில் வந்து நின்றிருக்கும், எப்போதும் ஒருத்தியாகவே இருந்தவள் போல. நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"காலியாத்தான் இருக்கு. அப்படியே விடுங்கோ" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார். நான் கிளம்பும்போது, "சாரும் இந்த மாதிரி திருத்துற வேலைதான் பாத்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சொல்லவே வேணாம்" என்றார். உங்களைப் பற்றி எழுதப்பட்ட அஞ்சலிகளில் அதுதான் சுருக்கமானது.

பத்திரிகைகள் வந்து நாலு நாள் ஆகிறது. நந்தினி ஒன்றை எடுத்து நின்றுகொண்டே படித்தாள். என் பெயர் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், மை காய்ந்துவிட்டதா என்பது போல. அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

மூர்த்தி வந்தான். அவன் நிதானமாக இரண்டு தடவை படித்தான். இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேனே மன்னி என்றான். அந்த வாக்கில் ஒன்றும் குறைந்துவிடவில்லை, தமிழ்ப் பத்திரிகையில் நீதானே இருக்கிறாய் என்றேன். அது உண்மை. தமிழில் நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். மேடையில் தாரை வார்க்கப்போவதும் அவனும் லலிதாவும்தான். இரண்டு மொழியிலும் எனக்கு இடம் கிடைக்க இன்னொரு மகள் வேண்டியிருக்கும்.

தமிழில் பெரிய எழுத்து இல்லையே என்று நீங்கள் பொறாமைப்படுவீர்கள். எல்லா எழுத்தும் ஒரே உயரம், என்ன ஒரு நாகரிகம் என்பீர்கள். ஏன்னா, உயரத்தை நாம் எழுத்தில் வைக்கவில்லை. யார் நிற்கலாம், யார் உட்கார வேண்டும் என்பதில் வைத்துவிட்டோம். அதற்குச் சிவப்புப் பேனா செல்லாது.

கிளம்பும்போது மூர்த்தி வாசலில் நின்று, "எல்லாம் சரி மன்னி. உங்க பேருக்குப் பக்கத்துல மட்டும் வெறிச்சுனு இருக்கு. லேட்னு போட்டு அண்ணா பேரைச் சேத்திருக்கலாமே?" என்றான்.

"அது பதவி இல்லையே, மூர்த்தி" என்றேன்.

அவன் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. "அண்ணா மாதிரியே பேசறேள்" என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனான்.

கல்யாண மண்டபத்தில் எனக்கு முதல் வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறார்களாம். பக்கத்தில் நின்றபடி சுழலும் பெரிய மின்விசிறியும் உண்டாம். லலிதா சந்தோஷமாகச் சொன்னாள். உங்களுக்குச் சிரமமே இருக்காது மன்னி, எழுந்திருக்கவே வேண்டாம் என்றாள். நான் அவளிடம் சரி என்றுதான் சொன்னேன். அந்தச் சரியை இன்னும் என்னால் வாயில் வராமல் நிறுத்த முடியவில்லை.

உங்களிடம் வேறு மாதிரி சொல்கிறேன். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு ஊரைக் கூப்பிட்டிருப்பது நான். கூப்பிட்டவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களை யார் வரவேற்பது? மண்டப வாசலில், சந்தனமும் கல்கண்டும் வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். கால் நடுங்கினாலும் நிற்பேன். யாராவது உட்காருங்கோ என்றால், நீங்க முதல்ல உட்காருங்கோ என்பேன். ராஜி அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன், முட்டி வலி இருக்கட்டும் என்று. அவர் எனக்கு இடது பக்கம் நிற்பார்.

வலது பக்கத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அது காலியாகத்தான் இருக்கும். நீங்கள் நிதானமாக வாருங்கள்.

அடைப்புக்குறி இல்லாமல்,
உங்கள் மனைவி,
விஜயா